நாற்றம் நின்ற இடம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் பக்கமாக சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இப்போதும் ஆட்கள் வேலை பார்த்துச் சாப்பிடுகிறார்கள். என்னால் அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம்.

நான் ஏன் சைக்கிளில் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை. தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி மடித்துக் கொடுத்தால், தையல் மிஷினில் இருப்பவர்கள் வாங்கித் தைப்பார்கள். நாள் முழுக்கப் பசை வாடையிலேயே உட்கார்ந்திருப்பதால் தலைவலி வரும். அதனால் ஒரு சின்னத் தைல பாட்டில் எப்போதும் கையோடு இருக்கும். மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு, நெற்றிப் பொட்டில் ஒரு சொட்டு. கம்பெனியில் என்னைத் தைலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் கணவர் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவருக்கு முன்னால் அந்த நாற்றம் வந்துவிடும். முதலில் போய்க் குளியுங்கள் என்று நான் விரட்டினால், "நாத்தம் வந்தா சோறு வருதுன்னு அர்த்தம், தெரிஞ்சிக்கோ" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள். முதலில் இறங்கியவர் உள்ளே விழுந்துவிட்டார். மேலே நின்றிருந்த என் கணவர் அவரைத் தூக்குவதற்காக இறங்கினார். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

பிறகு விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர், எனக்குப் புரியும்படி உட்கார்ந்து சொன்னார். "தொட்டியில நிக்கிற இந்த விஷ கேஸு கொஞ்சமா இருந்தாத்தாம்மா நாத்தம் அடிக்கும். ஜாஸ்தி ஆச்சின்னா முதல்ல மூக்கைத்தான் அடிச்சிப் போடும். நாத்தம் நின்னுடிச்சி, காத்து சுத்தமாயிடிச்சின்னு நெனச்சி எறங்குவாங்க. ரெண்டு மூச்சி, அவ்ளோதான்."

அன்றைக்கு அழுதேன். அதற்கப்புறம் எனக்கு இருந்தது அழுகை இல்லை, கோபம். கம்பெனிக்காரர்கள் மேல் ஒரு கோபம். அதைவிடப் பெரிய கோபம் அவர் மேல். முன்னால் ஒருவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே இறங்கினார்? இறங்குவதற்கு முன் என்னை ஒரு நொடி நினைத்திருந்தால் கால் வருமா? படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட மனசுக்குள் இதைத்தான் கேட்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் மறுபடியும் அதே மாதிரி ஒரு சாவு. அப்போது எங்கள் கம்பெனியில் ஆர்டர் கம்மியாகி, பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். தோல் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு சங்கத்துப் பெண், இதைப் பற்றி ஊர் ஊராகச் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். எனக்குப் பேச வராதே என்றேன். "நீ இன்னாத்துக்குக்கா பேசணும்? சைக்கிள்ல பலகை கட்டிக்கினு போ. அது பேசும்" என்றாள்.

அந்த யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் என் கணவருடைய சைக்கிள் இருந்தது. பார் வைத்த பழைய சைக்கிள். கியர் கிடையாது, ஒன்றும் கிடையாது. பின்னால் அரிசி மூட்டை வைத்தாலும் வளையாத கேரியர். அவர் அதை 'எருமை' என்பார். மெதுவாகப் போகும், ஆனால் நிற்காது. சின்ன வயதில் அண்ணனின் பார் சைக்கிளில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்பதால் எனக்குச் சிரமமில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டு, டயர் மாற்றி, கேரியரில் ஒரு தகரப் பலகையை நிறுத்திக் கட்டினேன். அதில் மூன்று வரி:

தொட்டியில் இறங்காதீர்கள்.
விழுந்தவரைக் காப்பாற்றவும் இறங்காதீர்கள்.
நாற்றம் நின்றால் ஓடுங்கள்.

ராணிப்பேட்டையில் ஆரம்பித்து, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி. பிறகு ஈரோடு, திண்டுக்கல். தோல் வேலை நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போக வேண்டும். ராத்திரி அந்தந்த ஊரில் சங்கத்தைச் சேர்ந்த பெண்களின் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கம்பெனிப் பெண் ஒருத்தி தன் சுடிதார் இரண்டைக் கொடுத்தாள்.

போகிற வழியெல்லாம் கிண்டல்தான். டீக்கடையில் நிறுத்தினால், "இன்னாக்கா, எந்தக் கட்சி? சின்னம் சைக்கிளா?" என்பார்கள். ஒருவர் பலகையைச் சுற்றிவந்து படித்துவிட்டு, "நாத்தம் நின்னா ஓடணுமா? எங்க ஊர்ல நாத்தம் எப்பக்கா நின்னுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பதில் இருந்தது, வாய் வரவில்லை. பலகை பேசும் என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நாற்றம்தான் வழிகாட்டி. பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் எந்த ஊர் வந்துவிட்டது என்று மூக்கு சொல்லிவிடும். ஆனால் அங்கேயே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து மூக்கைப் பொத்தும்போதுதான், ஓ, இங்கே நாற்றம் அடிக்கிறது போல என்று ஞாபகம் வரும்.

அன்றைக்குப் பேரணாம்பட்டில் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பியபோது வெயில் இருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, பட்டப்பகலில் விளக்கு வைக்கும் நேரம் மாதிரி ஆகிவிட்டது. தலைவலி வேறு ஆரம்பித்தது. சைக்கிளை நிறுத்தி, தைலத்தை எடுத்து மூக்குக்குக் கீழே நன்றாகவே தேய்த்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குக் காரம். மறுபடி ஏறி மிதிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

ஒதுங்க இடமில்லை. சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூடிக் கிடந்த ஒரு தோல் கம்பெனி தெரிந்தது. இரும்பு கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அதன் ஒரு பக்கத்தில், தோலை ஊறப்போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம்கள் இரண்டு நின்றிருந்தன. ஓட்டாமல் விட்டு வருடங்கள் ஆகியிருக்கும். ஆனால் காற்று அடிக்கும்போதெல்லாம் ஒன்றிலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு மெதுவாகத் தள்ளுகிற மாதிரி.

உள்ளே நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை மாதிரி. மூடிக் கிடக்கிற இடத்தில் இவ்வளவு நாற்றமா என்று நினைத்தேன். ஆனால் மழை தகரத்தில் கொட்டுகிறது, வெளியே போக முடியாது. சைக்கிளை வாசல் ஓரம் நிறுத்திவிட்டு, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றேன்.

சற்று நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அங்கே ஈயே இல்லை. தோல் கம்பெனி என்றால், மூடியே கிடந்தாலும் ஈ இருக்கும். மழைக்கு இன்னும் அதிகமாக உள்ளே வரும். அங்கே ஒன்றுகூட இல்லை. சுவரோரம் ஒரு பெருச்சாளி காலை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. அதன் மேலும் ஈ இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அப்பா..."

சின்னப் பெண் குழந்தையின் குரல். நாலு வயது இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. மழைச் சத்தத்தில் ஏதோ கேட்டதாக நினைத்து நின்றேன். மறுபடியும்.

"அப்பா... எங்கப்பா இருக்கீங்க?"

கொட்டகையின் உட்கோடியிலிருந்து வந்தது. தரைக்குக் கீழேயிருந்து வருகிற மாதிரி, குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. கால் தானாக நடந்தது. உட்கோடியில் தரையோடு தரையாக ஒரு தொட்டி. அதன் சிமெண்ட் மூடி ஒரு பக்கமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நீள மூங்கில், நுனியில் புதுச் சேறு. எட்டிப் பார்த்தேன். இருட்டு. சுவரில் பதித்த இரும்புப் படிகள் இரண்டு மூன்று தெரிந்தன. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"பாப்பா!" என்று கூப்பிட்டேன். குரல் நின்றது. டிரம் 'கிரீச்' என்றது. பிறகு மறுபடியும், அதே மாதிரி, கொஞ்சமும் மாறாமல்:

"அப்பா... எங்கப்பா இருக்கீங்க?"

அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைத்தால் என்னவோ செய்கிறது. இருட்டில் விழுந்த குழந்தை அழ வேண்டும். இது விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டது.

எனக்கு அதையெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு குழந்தை உள்ளே இருக்கிறது. அவ்வளவுதான் தெரிந்தது. குனிந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பி, ஒரு காலை முதல் படியில் வைத்துவிட்டேன். நான் கட்டிய பலகை நான் நிறுத்திய இடத்தில்தான் நிற்கிறது. அது ஞாபகத்துக்கே வரவில்லை. மாறாக, இங்கே காற்று நன்றாகத்தான் இருக்கிறது, வரும்போது அடித்த நாற்றம் இப்போது துளியும் இல்லை, மழை கழுவிவிட்டது என்று நிம்மதியாக ஒரு நினைப்பு வந்தது.

இரண்டாவது காலை எடுக்கும்போது மூக்கிலிருந்து வியர்வையோ மழைத் தண்ணீரோ உதட்டில் வழிந்தது. நாக்கில் பட்டது. காரமாக இருந்தது. தைலம்.

தைலம் உதட்டில் எரிகிறது. ஆனால் வாசனை இல்லை.

மூக்குக்கு நேர் கீழே அப்பி வைத்திருக்கிறேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. என் மூக்கு செத்துப்போயிருந்தது.

அந்த நொடியில் எனக்கு வந்த பயத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கீழேயிருந்து குழந்தை அப்பாவைத் தேடுகிறது. மேலே வந்தால் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். இறங்கினால் இரண்டு பேரும் போய்விடுவோம். மூச்சை அடக்கிக்கொண்டு, வயிற்றால் தரையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எழுந்து ஓட முடியவில்லை. கையை ஊன்றித் தவழ்ந்து, டிரம்களைத் தாண்டி, மழையில் வந்து விழுந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. காதைப் பொத்திக்கொண்டேன்.

என்னிடம் போன் கிடையாது. சைக்கிளைப் பிடித்து நிமிர்ந்து, சாலைக்குத் தள்ளிக்கொண்டு போய் மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே கத்தினேன். நான் அப்படிக் கத்தி நானே கேட்டதில்லை. என் குரலா என்று இருந்தது.

பின்னால் ரொட்டி டப்பா கட்டிய மொபெட்டில் மழையில் நனைந்தபடி ஒரு பாய் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். "இன்னாம்மா, இன்னா ஆச்சி? விழுந்துட்டியா?" என்று நிறுத்தினார். எனக்கு மூச்சு வாங்கியதால் கையைத்தான் காட்டினேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அதனால் குரல் வாசல் வரை கேட்டது.

"யா அல்லா, கொழந்தை!" என்றார் பாய். செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினார்.

வேற்று ஆணைத் தொட்டுப் பேசாதவள் நான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடி, கொட்டகைக்கு வெளியிலேயே அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். "நக்கோ பாய், நக்கோ!" என்று கத்தினேன். எங்கள் ஊர் உருதுவில் வேண்டாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். "உள்ள கேஸு இருக்குது. நீங்களும் போய்டுவீங்க."

"கேஸா? நாத்தமே இல்லியேம்மா!"

"அதனாலதான் சொல்றேன்!"

அவர் திமிறினார். சட்டைப் பொத்தான் தெறித்தது. எருமையை இழுத்து, கொட்டகை வாசலில் குறுக்காக நிறுத்தினேன். இரண்டு தூணுக்கும் நடுவில் அது அடைத்துக்கொண்டது. பலகை அவர் முகத்துக்கு நேராக நின்றது. பாய் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடி அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு இருட்டைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கொழந்தை?" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "ஃபயர் சர்வீஸுக்கு அடிங்க பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பரை அழுத்தி, இடத்தைச் சொன்னார். பிறகு இருவரும் அந்தச் சைக்கிளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒன்றும் செய்யாமல், ஒரு குழந்தை அப்பாவைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான நேரம் இல்லை. பாய் ஓதிக்கொண்டே இருந்தார்.

அப்போது கேட் பக்கமிருந்து ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் கயிற்றுச் சுருள், தலையில் பிளாஸ்டிக் கோணி. எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"யாரு நீங்க? உள்ள இன்னா வேல? சைக்கிள எடும்மா."

"அண்ணா, தொட்டியில கொழந்தை விழுந்துட்டுதுண்ணா" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் முழித்தார். பிறகு சிரித்தே விட்டார். "கொழந்தையா? அது என் போனும்மா!"

அவர் அந்த இடத்துக்குக் காவல்காரர். கம்பெனியைக் குடோனாக வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று, தொட்டி எவ்வளவு ஆழத்துக்குச் சேறாக இருக்கிறது பார்க்கச் சொன்னார்களாம். காலையில் மூடியை நகர்த்தி, மூங்கிலால் கிளறிப் பார்த்திருக்கிறார். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் விழுந்து, மேலாக மட்டும் காய்ந்திருந்த சேற்றில் நின்றுவிட்டது. இறங்கி எடுக்கக் கயிறு வாங்கிவரப் போயிருக்கிறார். அவர் மகள் நாலு வயதில் பேசியதைப் பதிந்து, மணிச் சத்தமாக வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு போன் மாறினாலும் அந்தச் சத்தத்தை மாற்றவில்லை. அந்தக் குழந்தை இப்போது வேலூரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். மதியத்தில் போன் செய்வாள். எடுக்கவில்லை என்றால் எடுக்கும் வரை விடமாட்டாள்.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி மனுஷா, உன் போனுக்கு நான் உசிர உட்டிருப்பேனே" என்று திட்டிக்கொண்டே சிரித்தார். எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் காவல்காரர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். "சரி, சைக்கிள எடு. நான் எறங்கி எடுத்துட்டு வந்துடுறேன். பாப்பா பேஜாராய்டுவா."

"எறங்காதீங்கண்ணா."

"காலையில நாத்தம் தாங்கலம்மா, அதான் எறங்கல. தலயே சுத்திச்சி, பசின்னு நெனச்சேன். இப்ப பாரு, சுத்தமா இருக்குது. ஒரு வாடையும் இல்ல."

அவர் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே தலையை நீட்டியிருந்தார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகையைப் படித்துவிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண் சிவந்திருந்தது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டே பாயைப் பார்த்து, "அந்தக் கொரல் அதுல மட்டும்தான் பாய் இருக்குது. வேற எங்கயும் இல்ல" என்றார்.

அப்போது நான் பேசினேன். வாய் தானாகப் பேசியது.

"அண்ணா, என் வீட்டுக்காரர் இப்படித்தான் எறங்கினாரு. வாடையே இல்லன்னுதான் எறங்கினாரு. இந்த சைக்கிள் அவருதுதான். சாயங்காலம் இத நான்தான் தள்ளிக்கினு வீட்டுக்குப் போனேன். உங்க பொண்ணு இங்க வந்து உங்க செருப்ப எடுத்துக்கினு போகணுமா?"

அவர் கை நின்றது. தொட்டிக்குள்ளிருந்து மறுபடி, "எங்கப்பா இருக்கீங்க?"

பாய் தன் போனை அவர் கையில் திணித்தார். "நம்பர் தெரியுமா? பேசு அவ கிட்ட. மொதல்ல பேசு."

மகளின் நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடம். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை சரியாக அழுத்தினார். அவசரத்தில் ஸ்பீக்கரும் அமுங்கிவிட்டது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த குழந்தைக் குரல் பாதியில் சட்டென்று நின்றது. கொட்டகை முழுக்க ஒரே அமைதி. அடுத்த நொடி, என் கைக்குப் பக்கத்திலிருந்து, ஒரு வளர்ந்த பெண்ணின் குரல் பதறிக்கொண்டு கேட்டது:

"யாரு? அப்பாவா? அப்பா, எங்கப்பா இருக்கீங்க?"

அதே வார்த்தை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாயைப் பார்த்தேன். அவரும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காவல்காரர் அப்படியே வெளியே நடந்து, மழைத் தூறலில் போய் நின்று, "மேலதான் இருக்கேன் கண்ணு, மேலதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பில் கயிறு அப்படியே தொங்கியது.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள். கயிற்றில் ஒரு சின்னக் கருவியைக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார்கள். அது பாதி ஆழம் போவதற்குள் விடாமல் கத்த ஆரம்பித்துவிட்டது. மூடியைப் போட்டு மூடிவிட்டு, எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துத் திட்டினார்கள். ஃபயர் சர்வீஸ்காரர்களில் மூத்தவர் என்னிடம், "நீ எவ்ளோ தூரம் போனே?" என்று கேட்டார். ஒரு படி என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

ஆம்பூர் ஆஸ்பத்திரியில் அன்று படுக்க வைத்துப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு, டெட்டால் வாடை லேசாக மூக்கில் ஏறியது. வாசனை திரும்பி வந்ததற்காக அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கிளம்பினேன். நாட்றம்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி, ஈரோடு, கடைசியாகத் திண்டுக்கல் வரை எருமை நிற்காமல் வந்தது. பலகையும் வந்தது. ஆனால் டீக்கடையில் யாராவது படித்துவிட்டுச் சிரித்தால், இப்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நானும் பேசினேன். முதலில் தைலத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். பிறகு நடந்ததைச் சொல்வேன். பாதியில் எழுந்து போனவர்கள் குறைவு.

திண்டுக்கல்லில் இருந்தபோது, நான் தங்கிய வீட்டு நம்பரைச் சங்கத்துப் பெண்ணிடம் வாங்கி, அந்தக் காவல்காரர் போன் செய்தார். பழைய போன் தொட்டிக்குள்ளேயே போய்விட்டது. மகள் புதிதாகப் பேசிப் பதிந்து கொடுத்திருக்கிறாளாம். கேட்கச் சொல்லிப் போட்டுக் காட்டினார். அதே வார்த்தைதான், பெரிய பெண்ணின் குரலில், நடுவில் சிரிப்போடு. "அந்தப் பழைய மாதிரி இல்லம்மா. ஆனா பரவால்ல" என்றார்.

என் கணவர் படத்துக்கு இப்போதும் விளக்கேற்றுகிறேன். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்பதில்லை. கீழேயிருந்து ஓர் உயிர் கூப்பிட்டால் கால் யாரையும் கேட்காது, மனைவியையும் கேட்காது, தானே கட்டிய பலகையைக்கூடப் பார்க்காது என்பதை என் காலே எனக்குக் காட்டிவிட்டது. அந்த முதல் படி வரைக்கும் அவரும் நானும் ஒரே மாதிரிதான் போயிருக்கிறோம். அவர் உதட்டில் தைலம் இல்லை, அவ்வளவுதான்.